சாத்தூர் பார்ட்டி

ஆடி 3, சனி

சிவகாசியில் செல்போன் கல்யாணப் பத்திரிகை என்கிற தொழிலைத் தொடங்கி வைத்தவன் நான். இதை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன். கம்பெனி அண்ணன் மகள் சுபாஷினி பெயரில் இருக்கிறது. இன்ஜினியரிங் படித்ததும் அவள்தான். நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம், என் கேள்விகளுக்கு வாத்தியார்களிடம் பதில் இல்லை. ஆனால் முப்பது வருஷம் அச்சகத்தில் நின்றவன். எந்தக் குடும்பத்தில் யார் பெயர் யாருக்கு மேலே வர வேண்டும் என்பது கலெக்டருக்குத் தெரியாது, இந்தக் கனகவேலுக்குத் தெரியும்.

இன்று ஒரு சோதனை ஆரம்பம். சுபாவுக்கு ஆவணியில் பிரசவம். அவள் இடத்தைப் பார்த்துக்கொள்ள அருப்புக்கோட்டையிலிருந்து சபீகா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். மெட்ராஸ் கம்பெனியில் இருந்தவளாம். வந்ததும் நம் டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தாள்.

டெம்ப்ளேட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெயர் வர வேண்டிய இடங்களைக் காலியாக விட்டு வைத்த பத்திரிகை. பெயரைக் கொடுத்தால் அதது அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுநடுவே 'இஃப்' என்று வரிகள் உண்டு. பெண்ணின் அப்பா காலமாகியிருந்தால் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடு, இருந்தால் வெறும் 'திரு' போடு, இப்படி. சுபா ஆரம்பத்தில் ஏழெட்டு இஃப்தான் போட்டிருந்தாள். மீதி எல்லாம் என் கைவண்ணம். ஒவ்வொரு பார்ட்டி வந்து சண்டை போடும்போதும் ஒரு பழைய இஃப்பைக் காப்பி எடுத்துக் கீழே ஒட்டி, தலைப்பில் அவர்கள் ஊர்ப் பெயரைப் போட்டுவிடுவேன். இந்த ஆறு வருஷத்தில் ஆயிரம் இஃப் போட்டிருப்பேன். சுபா எல்லாம் சேர்த்தே அறுபத்திரண்டு என்கிறாள். அவள் கணக்கு அப்படி.

சபீகா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, இந்த வரி யாரு எழுதுனது?"

"சித்தப்பா."

"இது?"

"அதுவும் சித்தப்பா."

"'முருகேசன்2_இதுதான்_சரி'ன்னு ஒண்ணு இருக்கே?"

"கேக்காத. சித்தப்பா."

பாராட்டுகிறாள் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டேன். அவள் கண்ணை மூடி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். மெட்ராஸ் ஏசியில் இருந்தவர்களுக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளாது.

சுபா என்னிடம் தனியாகச் சொன்னாள். "சித்தப்பா, ஆடில கல்யாணம் கிடையாது. இதான் நமக்கு நேரம். பதினெட்டு முடிஞ்சா ஆவணி ஆர்டர் வந்து கொட்டும். அதுக்குள்ள சபீகா இதப் படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி ஆக்கிரணும். இல்லேன்னா இந்த சீசன் ஆர்டரே எடுக்க முடியாது. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு போன்ல இஃப் தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல?"

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

"அதான் சித்தப்பா பிரச்சினையே" என்று சிரித்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, ஏதாவது சொல்வாள்.

ஆடி 5, திங்கள்

எரிச்சல். காலையிலிருந்து சாயங்காலம் வரை எரிச்சல்.

சபீகா ஒவ்வொரு இஃப்பாக எடுத்து "அங்கிள், இது என்ன செய்யும்?" என்று கேட்கிறாள். சார் என்று கூப்பிடலாம், அண்ணாச்சி என்று கூப்பிடலாம். அங்கிளாம்.

முதலில் 'ராஜபாளையம்_மாமா' வந்தது. நான் அந்தக் கதையைச் சொன்னேன். தாய்மாமன் மண்டபத்து வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது, நான் நடுவே பாய்ந்தது, போலீஸ் ஜீப் வந்தது, எஸ்.ஐ. எனக்குக் கை கொடுத்தது. போன மாசம் சொன்னபோது ஜீப் கிடையாது என்று சுபா சொன்னாள். கதை வளரும் பிள்ளை மாதிரிதானே, அப்படியே இருக்குமா?

சபீகா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அங்கிள். ஆனா இந்த இஃப் என்ன செய்யும்?" என்றாள்.

"தாய்மாமன் பேர சித்தப்பாவுக்கு மேல போடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தட்டச்சினாள். ராஜபாளையம் போய் 'தாய்மாமன்_பெயர்_மேலே' என்று வந்து உட்கார்ந்தது. ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறாள், படித்தால் தமிழ். போலீஸ் ஜீப் வந்த சம்பவத்துக்கு இதுதான் மரியாதை.

'கோவில்பட்டி_டீச்சர்' அடுத்தது. பெண் எம்.எஸ்சி., பி.எட்., எம்.ஃபில். மாப்பிள்ளை டிப்ளமோ. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படிப்பைப் பத்திரிகையில் போடக்கூடாது என்றார்கள், அதற்காகப் போட்ட இஃப். சபீகா கேட்டுவிட்டு 'படிப்பை_மறை' என்று அடித்தாள். பிறகு, "இது எத்தன தடவ பயன்பட்டுருக்கு அங்கிள்?" என்றாள்.

"எக்கச்சக்கம்."

"கோவில்பட்டிக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்று உதட்டைச் சுழித்தாள். அதில் ஏதோ குத்தல் இருந்தது. எனக்கா, மாப்பிள்ளை வீட்டாருக்கா என்று விளங்கவில்லை.

ஆடி 8, வியாழன்

இன்று எனக்கு அநியாயம் நடந்தது.

இரண்டு நாளாக சபீகா வரிகளை எல்லாம் உள்ளே தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு இஃப்புக்குள் இன்னொரு இஃப் இருந்தால் அதை நாலு இடம் உள்ளே தள்ளுகிறாள், அதற்குள் ஒன்று இருந்தால் எட்டு. பக்கம் பூராவும் இடது பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. முப்பது வருஷம் அச்சகத்தில் இருந்தவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவள் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து எல்லா வெற்றிடத்தையும் அழித்து, வரிகளை நெருக்கி, நாலு வரியை ஒரு வரியாக்கி, சேவ் பண்ணிவிட்டேன். பாதிப் பக்கம் மிச்சம். பழைய முதலாளி இருந்தால் தோளில் துண்டு போட்டிருப்பார்.

அவள் வந்து பார்த்தாள். கையில் டிபன் பாக்ஸ். அப்படியே நின்றாள்.

"அங்கிள்... எங்க அந்த இடமெல்லாம்?"

"வெத்து இடம்மா. எடுத்துட்டேன்."

"அது வெத்து இடம் இல்ல அங்கிள்! எந்த இஃப் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கண்ணு பாக்கிறதுக்கு அது. நீங்க பாதி எடத்துல முடிக்கவே மறந்துருக்கீங்க. தள்ளி வெச்சப்பறம்தான் அதே தெரிஞ்சுது."

"இவ்வளவு எடத்த வீணாக்குனா பேப்பர் வெல என்ன ஆகும் தெரியுமா?"

"இதுல பேப்பரே இல்ல அங்கிள்."

யோசித்தேன். இல்லைதான்.

அவளிடம் பழைய நகல் இருந்ததாம். இரண்டு பட்டனைத் தட்டினாள், எல்லாம் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டதல்லவா, பிறகு எதற்கு அந்த முறைப்பு? சுபாவும் அவள் பக்கம். இனிமேல் நான் டெம்ப்ளேட்டைப் பார்க்கலாம், கை வைக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். நான் பெற்ற பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டுகிறார்கள்.

ஆடி 9, வெள்ளி

பேசவில்லை. டீயை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஆடி 13, செவ்வாய்

பேசாமல் இருந்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம் என்பதால் பேசினேன்.

பஸ் ஸ்டாண்டில் சுபாவின் மாமியாரைப் பார்த்தேன். "மக எப்படி இருக்கா?" என்று விசாரித்தார். என் மகள் தேன்மொழி சாத்தூரில் ராணி மாதிரி இருக்கிறாள், மாப்பிள்ளை என் காலைத் தொட்டுக் கும்பிடாமல் வாசல் தாண்டுவதில்லை, தினமும் காலையில் எனக்குப் போன் பண்ணிவிட்டுத்தான் அவள் பல்லே தேய்ப்பாள் என்று சொன்னேன். அந்த அம்மா சாத்தூர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கிளம்பியதும் நான் ஆபீசுக்கு நடந்தேன்.

ஆபீசில் சபீகா முக்கால்வாசி முடித்திருந்தாள். முருகேசன்கள் நாலு பேரையும் ஒருவராக்கிவிட்டாள். நாலும் ஒரே வேலையைத்தான் செய்ததாம். இன்று கடைசிப் பக்கத்தில் 'சாத்தூர்_பார்ட்டி' வந்தது.

"அங்கிள், இது?"

"அது... பெரிய கத."

"கத வேண்டாம். என்ன செய்யும்?"

கதைதான் சொன்னேன். சாத்தூரில் பெரிய பட்டாசு வியாபாரி. ஏழு குடோன். ஒரே மகள். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஊரே கடையடைப்பு. நான் போய் மாலை போட்டுவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அந்த இஃப்பைப் போட்டேன்.

"அய்யோ பாவம்" என்றாள் சபீகா. "அப்ப இதுவும் அப்பா காலமானவங்களுக்குத்தான்?"

"ஆமா."

"ஓட்டிப் பாத்தா பேரே வரலையே அங்கிள்?"

"அது... கோளாறா இருக்கும். ஏழெட்டு வருஷ சமாச்சாரம்."

கம்பெனி தொடங்கியே ஆறு வருஷம்தான். அவள் கவனிக்கவில்லை. கோளாறைச் சரி பண்ணுவதாக நினைத்து, தெய்வத்திரு போடும் இஃப்போடு இதையும் சேர்த்துவிட்டாள். ஒரு வரி மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள்.

சாத்தூரைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை.

ஆடி 18, ஞாயிறு

லீவு நாளிலும் ஆபீஸ். எல்லாம் முடிந்துவிட்டது. சுபா திரையில் மேலிருந்து கீழே வரை படித்துப் பார்த்தாள். அறுபத்திரண்டு இஃப் இருந்த இடத்தில் பத்தொன்பது. "சபீகா, இத எங்கம்மா படிச்சாலே புரியும்" என்றாள். அவள் கண் கலங்கியது. இப்போதெல்லாம் அவள் விளம்பரத்துக்கும் அழுகிறாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். படித்தால் புரிகிறதுதான். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். இதற்கு முன்னால் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் "சித்தப்பாவக் கேளு" என்பார்கள். இன்று காலையிலிருந்து என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள்.

ஆடி 20, செவ்வாய்

ஆர்டர் மழை. நான் போனில் பேச, சுபா எழுத, சபீகா அனுப்ப, மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. சுபா பழக்க தோஷத்தில் ஒரு ஆர்டருக்கு அம்மா, அப்பா பெயர் எல்லாம் நிரப்பி, "இது சாத்தூர் பார்ட்டி வகை" என்று எழுதிக் கொடுத்தாள். சபீகா அதைப் புதுப் பெயருக்கு மாற்றி அனுப்பினாள். நான் போனில் விருதுநகர்காரரோடு மன்றாடிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. விழவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆடி 24, சனி

சுபா செக்கப்புக்குப் போயிருந்தாள். பதினொரு மணி வாக்கில் ஒரு மனிதர் படியேறி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. லாரி ஓட்டுகிறவர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"பத்திரிக அடிக்கிற ஆபீஸ் இதானா அண்ணாச்சி?"

"இதான். உக்காருங்க. யாருக்குக் கல்யாணம்?"

"எம்மகளுக்கு. எம்பேரு வேலுமயில். எட்டயபுரம்." போனை எடுத்து மேசையில் வைத்தார். "மால கீல இருந்தா எடுத்துட்டு வாங்க. நேர்லயே வந்துட்டேன், போட்டுருங்க."

போனில் நம் பத்திரிகை. பெண்ணின் பெயருக்குக் கீழே, கோவில் மணி படத்துக்கு மேலே: தெய்வத்திரு வேலுமயில்.

சபீகா எழுந்து நின்றுவிட்டாள். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், எத்தனை சண்டை பார்த்தவன். மெதுவாகப் பேசினார்.

"எனக்கும் வீட்டுக்கும் பத்து வருஷமா ஒட்டு இல்ல. எம்பேரப் போட வேண்டாம்னு மக முடிவு பண்ணிருக்கான்னு கேள்விப்பட்டேன். சரின்னேன். வளத்தது அவ அம்மா. அது நியாயந்தான். ஆனா இது சொந்தக்காரன் ஒருத்தன் அனுப்புனான். கேலியா அனுப்புனான்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் செத்துட்டேன்னு போடச் சொன்னது எம்மகளா?"

சபீகா சொன்னாள். "சார், தப்பு எங்களோடது. நான்தான் மாத்துனேன். நான் புதுசு, எனக்கு..."

கம்ப்யூட்டர் வைரஸ் என்று எனக்கு வாய் வரை வந்தது. மழையில் டவர் பழுது என்று சொல்லலாம். டெல்லியிலிருந்தே தப்பாக வந்தது என்றுகூட நம்ப வைத்திருப்பேன். ஆனால் அந்த மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரு வரி. அது உண்மையாக இருந்தால்தான் அவரால் படியிறங்கிப் போக முடியும்.

"உங்க மக சொல்லல" என்றேன். "பேர் வேண்டாம்னு மட்டும்தான் சொல்லிருந்தாங்க. இந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. அப்பா உசுரோட இருந்து பேர் மட்டும் வேண்டாம்னா அதுக்குன்னு ஒரு வரி இருந்துச்சு. இந்தப் பொண்ணு அது என்னன்னு என்னக் கேட்டா. அப்பா செத்துட்டாருன்னு நான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

அவருடைய போனை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப எம்மக இல்ல."

"இல்ல."

"அது போதும் அண்ணாச்சி. ஒரு டீ சொல்லுங்க."

டீ குடித்தார். சபீகா அங்கேயே அவர் பெயரை எடுத்துவிட்டுப் பத்திரிகையைக் காட்டினாள். பார்த்துவிட்டு, "கலரு நல்லாருக்கு" என்று சொல்லி எழுந்துபோனார்.

சபீகா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஆடி 8-இல் பார்த்த முறைப்பு எவ்வளவோ தேவலை. அப்புறம் பெண்ணின் வீட்டுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் அழுததாகச் சொன்னாள். எதற்கு அழுதாள் என்று கேட்கவில்லை.

ஆடி 26, திங்கள்

சுபா கதவைச் சாத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"சாத்தூர்ல ஒருத்தர் ஏழு குடோன் வெச்சிருந்து செத்தாராமே சித்தப்பா?"

"பெரிய மனுஷன்" என்றேன்.

"சித்தப்பா. தேன்மொழி பத்திரிக அது. சித்தியும் அவளும் இங்கதான் வந்து உக்காந்திருந்தாங்க. அப்பா பேரு வேண்டாம்னு அவ சொன்னப்ப நான் உங்க மூஞ்சியப் பாக்க முடியாம, அந்த வரிய நானே போட்டுடறேன்னு எந்திரிச்சேன். நீங்கதான் 'நகரு, உனக்குத் தெரியாது'ன்னு சொல்லி கீபோர்ட வாங்குனீங்க."

ஆமாம். வாங்கினேன். இரண்டு நிமிஷத்தில் போட்டேன். முடிக்கிற வரியைக்கூட மறக்கவில்லை. நான் போட்ட இஃப்களில் முதல் தடவையிலேயே தப்பில்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.

"நான் உங்கள வேலய விட்டு அனுப்பிருவேன்னு பயப்படுறீங்களா?" என்றாள் சுபா.

"எனக்கென்ன பயம்? துபாயில கூப்பிடுறான்."

"சரி, துபாய்க்கு அப்பறம் போகலாம். சபீகாகிட்ட போயி அந்த வரி என்ன செய்யும்னு சொல்லுங்க. கத இல்லாம."

போனேன். சபீகா திரும்பாமலே, "சொல்லுங்க" என்றாள்.

"அப்பா இருக்கார். பேர் போட வேண்டாம்."

அவள் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அடித்தாள்: 'அப்பா_இருக்கிறார்_பெயர்_வேண்டாம்'. உள்ளே தள்ளி, அதற்குரிய இடத்தில், மேலேயும் கீழேயும் ஒரு வரி இடம் விட்டு வைத்தாள்.

"இதுக்குக் கத ஒண்ணும் இல்லையா அங்கிள்?"

"இல்லம்மா."

நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். மீதிப் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகக் காட்டி, "இது சரியா? இது சரியா?" என்று கேட்டாள். இரண்டு தப்பாக இருந்தன. சொன்னேன். இரண்டுமே நான் ஜீப்பும் யானையும் சேர்த்துச் சொன்ன கதைகள்.

ஆவணி 2, திங்கள்

சுபாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ. அண்ணனிடம் நாலு கிலோ என்று சொன்னேன், அவர் நேரில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. சபீகா தனியாகச் சமாளிக்கிறாள். நானும் இருக்கிறேன்.

ஆவணி 6, வெள்ளி

இப்போது பார்ட்டிகள் போனில் நம்மிடம் சொல்ல வேண்டியதில்லை. டெம்ப்ளேட்டில் எல்லாம் புரிகிற பெயராக இருப்பதால், சபீகா அதே வார்த்தைகளை ஆர்டர் பக்கத்திலேயே போட்டுவிட்டாள். வேண்டியதை அவர்களே டிக் பண்ணிக்கொள்கிறார்கள். யாரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டாம். எந்த அங்கிளும் கதை கேட்கப் போவதில்லை.

இந்த வாரத்து ஆர்டர்களைச் சரிபார்க்கிற வேலை என்னுடையது. 'அப்பா இருக்கிறார், பெயர் வேண்டாம்' என்பதைச் சிலர் டிக் பண்ணியிருந்தார்கள். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர். ஒன்று மதுரை. ஒன்றில் ஊர் போடவில்லை.

இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் அந்த வரி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது பேர் என்று எழுதலாம். யார் வந்து எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? மூன்று பேர்.